திரையில் துடிப்பு ஓடுகிறது, ரத்தம் ஓடுகிறதா?

திரையில் ஈசிஜி அழகாக ஓடிக்கொண்டிருக்கும். பி அலை, கியூஆர்எஸ், டி அலை எல்லாம் வரிசையாக வரும். மேசையில் கிடக்கும் நாயின் இதயமோ ஒரு சொட்டு ரத்தத்தைக்கூட வெளியே தள்ளியிருக்காது. மின்சாரம் இருக்கிறது, பம்ப் ஓடவில்லை. மயக்கத்தின் நடுவே நாய், பூனைகளுக்கு இதயம் நிற்கும்போது இப்படி நாடி இல்லாமல் கோடு மட்டும் ஓடுவது அபூர்வமான விஷயமே இல்லை. ஈசிஜியை மட்டும் மாட்டிவிட்டு "மானிட்டர் போட்டாச்சு" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

விலங்குகளுக்கு மயக்கம் கொடுப்பதும், கொடுத்தபின் தலைமாட்டில் நின்று பார்த்துக்கொள்வதும்தான் என் வேலை. அங்கே நின்று கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது: இந்தக் கருவி எனக்குச் சொல்வது மின்சாரத்தைப் பற்றியா, அழுத்தத்தைப் பற்றியா, ஓட்டத்தைப் பற்றியா? ஈசிஜி முதல் வகை. காலில் கஃப் (காற்று ஏற்றும் பட்டை) கட்டி எடுக்கும் பிரஷர் இரண்டாவது. எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று நேரடியாகக் காட்டும் கருவி சாதாரண ஆபரேஷன் அறையில் கிடையாது. அதை நாம்தான் பல இடங்களிலிருந்து துப்பறிய வேண்டும்.

அழுத்தத்தையும் ஓட்டத்தையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதுதான் புதிதாக வருபவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் குழப்பம். ரத்த அழுத்தம் இரண்டு விஷயங்களின் பெருக்கல்: இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, ரத்தக்குழாய்கள் எவ்வளவு இறுகியிருக்கின்றன. குழாய்கள் இறுகிவிட்டால், தள்ளும் அளவு பாதியாகக் குறைந்தாலும் அழுத்தம் நன்றாகவே காட்டும். டெக்ஸ்மெடிடோமிடின் அல்லது சைலசின் (குழாய்களை இறுக்கும் மயக்க ஊசிகள்) போட்ட நாயிடம் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஊசி போட்ட சில நிமிடங்களில் ஈறு வெளிறும், துடிப்பு 45க்கு இறங்கும், ரத்தத்தின் ஆக்ஸிஜன் சதவீதத்தைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எண்ணைப் பிடிக்க முடியாமல் தடுமாறும். பிரஷர் எடுத்தால் சராசரி 110 இருக்கும். "துடிப்பு ரொம்பக் குறைவா இருக்கே டாக்டர், அட்ரோபின் ஏத்தட்டுமா?" என்று உதவியாளர் கேட்பார். துடிப்பை ஏற்றும் மருந்து அது. வேண்டாம். துடிப்பு குறைந்ததே அந்த உயர்ந்த அழுத்தத்துக்கு உடல் சொல்லும் பதில்தான். இப்போது அட்ரோபின் போட்டால் இறுகிய குழாய்களை எதிர்த்து இதயம் வேகமாக அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அழுத்தம் தாறுமாறாக ஏறும், இதயத் தசைக்கு ஆக்ஸிஜன் போதாது, தாளமும் கெடலாம். அதே 45 துடிப்போடு சராசரி அழுத்தம் 55க்கு வந்துவிட்டால் கதை வேறு. அப்போது அடிபமிசோல் கொடுத்து மருந்தின் வேலையை முறிப்பதையோ, அட்ரோபினையோ யோசிக்கலாம். ஃபென்டனில் மாதிரியான வலி மருந்துகளால் துடிப்பு மந்தமாகி, அதோடு அழுத்தமும் இறங்கினால், அட்ரோபினே போதும்.

எனக்குப் பிடித்த கருவி எது என்று கேட்டால் டாப்ளர்தான். தமனியில் ரத்தம் பாயும் ஒவ்வொரு துடிப்பையும் ஒலியாக்கிக் கேட்கவைக்கும், கஃப்போடு சேர்த்தால் மேல் அழுத்தத்தையும் எடுக்கலாம். பார்க்கப் பழைய ரேடியோப் பெட்டி மாதிரி இருக்கும், திரைகூடக் கிடையாது. முன்னங்காலின் அடிப்பக்கத்தில், பெரிய மெத்தைக்குச் சற்று மேலே முடியை மழித்து, ஜெல்லைத் தாராளமாக வைத்து, ப்ரோபின் (அதன் உணரும் முனையின்) குழிந்த பக்கத்தைத் தோலோடு சேர்த்து மெதுவாக நகர்த்த வேண்டும். வெறும் இரைச்சலுக்கு நடுவே "வுஷ், வுஷ்" என்று ஒன்று பிடிபடும். பிடிபட்டதும் நம் கை தானாகவே அழுத்தப் பார்க்கும், அழுத்தக் கூடாது. பூனையின் தமனி நூல் போன்றது, விரல் எடையிலேயே நசுங்கி ஒலி போய்விடும். டேப்பை இறுக்கிச் சுற்றினாலும் அதே கதிதான். பல் சுத்தம் செய்வது, கட்டி எடுப்பது என்று எந்த ஆபரேஷனாக இருந்தாலும், முதலிலிருந்து கடைசிவரை அந்த ஒலியை அறைக்குள் ஓடவிடுகிறேன். அறுவை செய்பவர்களில் சிலருக்கு அது தொந்தரவாக இருக்கும், ஒலியைக் குறைக்கச் சொல்வார்கள். குறைப்பேன், நிறுத்த மாட்டேன்.

ஏனென்றால் கண் கவனிப்பதற்கு முன்பே காது கவனித்துவிடும். கண்ணை முழுதாக எடுக்கும் அறுவை ஒன்றில், கண்ணுக்குப் பின்னால் இருக்கும் தசைகளைப் பிடித்து இழுத்த நொடியில் டாப்ளர் ஒலிக்கு இடையே ஒரு பெரிய இடைவெளி விழுந்தது. திரையில் துடிப்பு இன்னும் 96 என்றே இருந்தது. மானிட்டர் கடந்த சில நொடிகளின் சராசரியைக் காட்டும், அதனால் தாமதம். "சார், இழுக்கறதைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். அவர் கையை எடுத்தார். இரண்டு மூன்று நொடியில் ஒலி பழையபடி வந்துவிட்டது, அதன் பிறகுதான் திரையில் எண் 50க்கு இறங்கி மறுபடி ஏறியது. கண்ணிலிருந்து மூளைக்குப் போய், அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு வரும் அனிச்சை இது. இழுப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் தானாகச் சரியாகும். நிறுத்தியும் சரியாகவில்லை என்றாலோ, தொட்டதும் திரும்பத் திரும்ப வந்தாலோ அட்ரோபின்.

டாப்ளர் ஒலி திடீரென்று மங்கினால் முதலில் செய்ய வேண்டியது நாடி பார்ப்பது, ஜெல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது அதற்கு அப்புறம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. நாய்க்கு நாக்கின் அடியில் நடுவாக விரலை வைத்தால் நாடி தெரியும், துணியைத் தூக்கித் தொடையைத் தேட வேண்டியதில்லை.

அந்த நாடியையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். விரலுக்குத் தெரிவது மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். ஒரு நாய்க்கு 110க்கு 40 இருந்தால் நாடி விரலைத் தூக்கியடிக்கும், ஆனால் சராசரி (கீழ் எண்ணோடு வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் வருவது) 63தான். இன்னொன்றுக்கு 90க்கு 70 இருந்தால் நாடி சோர்வாகத் தெரியும், சராசரி என்னவோ 77. சிறுநீரகமும் மூளையும் எதிர்பார்ப்பது சராசரி அழுத்தத்தைத்தான். அது 60-க்குக் கீழே போய் அங்கேயே நின்றால், பூனை எழுந்து நடந்து வீட்டுக்குப் போகும், சிறுநீரகத்தில் நடந்தது பிறகுதான் தெரியும். ஈறை அழுத்திவிட்டு நிறம் திரும்பும் நேரத்தைப் பார்ப்பதும் அப்படித்தான். இறந்து சில நிமிடங்களே ஆன விலங்கின் ஈறில்கூட நிறம் இரண்டு நொடிக்குள் திரும்புவதைப் பார்க்கலாம். அதை மட்டும் வைத்து "சுழற்சி நல்லா இருக்கு" என்று எழுதிவிட முடியாது.

கஃப் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கஃப்பின் அகலம் காலின் சுற்றளவில் சுமார் 40 சதவீதம் இருக்க வேண்டும், பூனைக்கு 30 முதல் 40. சின்ன கஃப் போட்டால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், பெரியது போட்டால் குறைவாக. கூடுதலாகக் காட்டுவதுதான் ஆபத்து, நிம்மதியாக இருந்துவிடுவோம். டிரிப் ஓடும் காலில் கஃப் கட்டினால் ஒவ்வொரு முறை காற்று ஏறும்போதும் மருந்து நின்று நின்று போகும். கஃப் எதில் இருக்கிறதோ அந்தக் காலின் மேல் அறுவை செய்பவர் முழங்கையை ஊன்றியிருந்தாலும் வரும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. துணிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் அந்த எண்ணை எழுதுவேன்.

தானாகவே காற்று ஏற்றி இறக்கும் மானிட்டர்கள் உண்மையில் நன்றாக அளப்பது சராசரி அழுத்தத்தைத்தான், மேலும் கீழும் உள்ள எண்கள் உள்ளே கணக்குப் போட்டு வருபவை. பிரஷரோடு சேர்த்து அது ஒரு துடிப்பு எண்ணிக்கையும் காட்டும். பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. ஈசிஜியோ காதோ சொல்லும் துடிப்போடு அந்த எண் ஒத்துப்போகாவிட்டால், அந்த பிரஷரைத் தூக்கி எறிந்துவிடலாம். தாளம் கெட்ட இதயம், நடுக்கம், மிகச் சின்ன உடம்பு, மிகக் குறைந்த அழுத்தம் ஆகிய நான்கிலும் இந்த வகை மானிட்டர் தடுமாறும். அதாவது நமக்கு மிகத் தேவைப்படும் நேரத்தில்தான் கைவிடும். டாப்ளருக்கும் குறை உண்டு: பூனையில் மேல் அழுத்தத்தை உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும். இவ்வளவு கூட்டிக்கொள்ளலாம் என்று கணக்குச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் கூட்டுவதில்லை. 100 இருந்தது 85 ஆகி, 75 ஆகிறதா என்று போக்கைத்தான் பார்க்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் சரிவு கண்ணில் அடிக்கும். திரையில் அப்போதைக்கு நிற்கும் ஒற்றை எண் அதைச் சொல்லாது.

தமனிக்குள்ளேயே ஊசிக்குழாய் செருகி எடுப்பதுதான் சரியான அளவு. நாய்க்குப் பின்பாதத்தின் மேல்புறம், முயலுக்கும் ஆட்டுக்கும் காது, குதிரைக்கு முகம். அதிலும் ஒரு வம்பு உண்டு. அழுத்தத்தை உணர்ந்து திரைக்கு அனுப்பும் டிரான்ஸ்டியூசர் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. கீழே இருந்தால் அழுத்தம் ஏழு, எட்டு மி.மீ. கூடுதலாகக் காட்டும். யாராவது பாதியில் மேசையை உயர்த்திவிட்டு டிரான்ஸ்டியூசரை அதன் கம்பத்திலேயே விட்டுவிட்டால், நாயின் பிரஷர் திடீரென்று "முன்னேறிவிடும்".

ஓட்டத்தைப் பற்றித் துப்புக் கொடுப்பவற்றில் நான் பெரிதாக மதிப்பது கேப்னோகிராஃப், வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடை அளக்கும் கருவி. அது மூச்சுக் கருவிதானே என்பார்கள். திசுக்களில் உண்டாகும் கார்பன் டை ஆக்ஸைடை நுரையீரல்வரை கொண்டுவந்து சேர்ப்பது ரத்தம். ரத்தம் வராவிட்டால் மூச்சில் அதுவும் வராது. மூச்சு விகிதத்தை நாம் மாற்றவே இல்லை, 40ல் இருந்த எண் 34, 27, 19 என்று ஒவ்வொரு மூச்சுக்கும் இறங்குகிறது என்றால், இதயம் தள்ளும் அளவு சரிகிறது. குழாய் கழன்றிருந்தால் இப்படிப் படிப்படியாக இறங்காது, ஒரேயடியாகப் பூஜ்யமாகும். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும்போதும் இதே எண்தான் வழிகாட்டி. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டிருக்கும்போது அது 18ஐக்கூடத் தொடவில்லை என்றால், அழுத்துபவரின் கை சோர்ந்துவிட்டது, ஆளை மாற்ற வேண்டும். சோர்வு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இதில் கடைசி. தகுயோ அயோயாகி 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் கண்டுபிடித்த அருமையான கருவிதான், இல்லாமல் வேலை செய்ய மாட்டேன். ஆனால் 98 என்று அது காட்டுவதில் ஓட்டத்தைப் பற்றிய உறுதி எதுவும் இல்லை. நாக்கில் ஒரே இடத்தில் கவ்வியபடி இருந்தால் அந்த இடம் வெளிறி எண் தானாக இறங்கும். ஈரத் துணி வைத்து, இடத்தை மாற்றிக் கவ்வவிட்டால் திரும்பிவிடும்.

சரி, அழுத்தம் நிஜமாகவே இறங்கிவிட்டது. என்ன செய்வது? மருந்துக்குக் கை போவதற்கு முன் நான் பார்ப்பது மூச்சுப் பையை. பை விறைப்பாக உப்பியிருந்தால் மிஞ்சும் வாயுவை வெளியே விடும் பாப்-ஆஃப் வால்வை யாரோ மூடியிருக்கிறார்கள். கசிவு பார்க்க மூடியவர் திறக்க மறந்திருப்பார். உள்ளே ஏறும் அழுத்தம் நெஞ்சுக்குள் வரும் சிரைகளை நசுக்கும், இதயத்துக்கு ரத்தமே திரும்பாது, துடிப்பு மந்தமாகி இதயம் நிற்க அதிக நேரம் பிடிக்காது. வால்வைத் திறந்தால் போதும், ஊசியே தேவைப்படாது. கசிவு சோதிக்க மூடும் கை, திறக்கும்வரை வால்வை விட்டு விலகக் கூடாது என்பது எங்கள் அறையில் சட்டம்.

பை சரியாக இருந்தால் அடுத்தது மயக்கத்தின் ஆழம். மூச்சில் கொடுக்கும் மயக்க மருந்தான ஐசோஃப்ளூரேன் கூடக்கூடக் குழாய்களைத் தளர்த்தும், இதயத்தின் வலிமையையும் குறைக்கும். தாடை தொளதொளவென்று, கண் நடுவில் நிலைகுத்தி இருந்தால் டயலைக் குறைப்பதுதான் முதல் வைத்தியம். குறைத்தால் விழித்துக்கொள்ளும் என்ற பயம் இருந்தால் வலிக்கு மருந்து போதவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் ஃபென்டனில் கொடுத்துவிட்டுக் குறைக்கலாம். அப்புறம் துடிப்பும் தாளமும். அப்புறம்தான் திரவம்: நாய்க்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி., பூனைக்கு 3 முதல் 5, பத்துப் பதினைந்து நிமிடத்தில். ஏறவில்லை என்றால் மறுபடி மறுபடி ஊற்றிக்கொண்டிருக்காமல் எபிட்ரின், டோபமின், நார்எபிநெஃப்ரின் என்று அழுத்தத்தை ஏற்றும் மருந்துகளுக்குப் போக வேண்டும். இதயத் தசை தடித்த பூனை மட்டும் விதிவிலக்கு. அதற்குத் திரவமும் ஆகாது, இதயத்தை விரட்டும் மருந்தும் ஆகாது. குழாய்களை இறுக்கும் ஃபினைல்எஃப்ரின்தான் கை கொடுக்கும்.

ரத்த இழப்பைக் கண்ணால் மதிப்பிடுவது பற்றி ஒரு வார்த்தை. 3 கிலோ பூனையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 170 மி.லி.தான். நன்றாக நனைந்த காஸ் துணி ஒன்று 10 மி.லி. வைத்திருக்கும். தட்டில் அப்படி நான்கு கிடந்தால் கிட்டத்தட்ட கால்வாசி போயிற்று. பெரிய நாய்களுக்கே அறுவை செய்து பழகிய கண்ணுக்கு அது "கொஞ்சம் ரத்தம்". அதனால் காஸைச் சின்னத் தராசில் நிறுத்து, காய்ந்த துணியின் எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று சத்தமாகச் சொல்வேன். ரத்தம் போனால் துடிப்பு ஏறும் என்று காத்திருப்பதும் சரிவராது. மயக்க மருந்து அந்த அனிச்சையை மழுங்கடித்துவிடும்.

ஈசிஜியைத் திட்டித் தொடங்கிவிட்டேன், அதன் பெருமையையும் சொல்லிவிட வேண்டும். சிறுநீர் அடைத்த ஆண் பூனைக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை. வழக்கமாக 180க்கு மேல் அடிக்க வேண்டிய இதயம் 110ல் இழுத்துக்கொண்டு, பி அலை காணாமல் போய், டி அலை கூம்பு மாதிரி நின்றால் பொட்டாசியம் ஏறிவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் கால்சியம் குளுகோனேட்டை ஐந்து முதல் பத்து நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றும்போது, கண் முன்னாலேயே அலைகள் ஒழுங்குக்கு வரும். பொட்டாசியம் குறைந்துவிட்டது என்று ஏமாற வேண்டாம். இதயத்துக்குக் கொஞ்ச நேரம் கேடயம் பிடித்திருக்கிறோம், அவ்வளவுதான். அதற்குள் குளுக்கோஸ், இன்சுலின், அடைப்பு நீக்கம் எல்லாம் நடந்தாக வேண்டும். அந்த டி அலையையும் ஒரு துடிப்பாக எண்ணி மானிட்டர் இரட்டிப்பாகக் காட்டுவதும் உண்டு. 110ஐ 220 என்று காட்டினால் எல்லாம் நலம் போலத் தோன்றும். ஸ்டெத்தை வைத்து எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குதிரைகளிடம் எனக்கு அனுபவம் குறைவு. அவற்றில் சராசரி அழுத்தம் 70க்குக் கீழே விடக் கூடாது என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. அத்தனை எடையையும் தாங்கி அடியில் கிடக்கும் தசைக்கு ரத்தம் போகாவிட்டால் எழ முடியாமல் போய்விடும். வேடிக்கை என்னவென்றால், உலகத்தில் முதலில் அளக்கப்பட்ட ரத்த அழுத்தமே குதிரையுடையதுதான். ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் கட்டிப்போட்ட ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழலைச் செருகி, அதில் நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியது. 1733ல் அதை வெளியிட்டார். மனிதர்களுக்குக் கையில் கஃப் கட்டும் முறை 1896ல்தான் வந்தது.

பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்த பெரிய கணக்கெடுப்பில் மயக்கம் தொடர்பான இறப்பு நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24, முயல்களில் 1.39. எனக்கு அதில் உறைத்தது வேறொரு விஷயம். இறந்த பூனைகளில் பாதிக்கும் மேல் அறுவை முடிந்த பிறகு இறந்தவை, அவற்றிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். தையல் போட்டதும் அறையே கலைந்துபோகும், ஒருவர் கையுறையைக் கழற்றுவார், ஒருவர் ஃபோனை எடுப்பார், ஒயர்களை எல்லாம் உருவிவிடுவார்கள். ஐசோஃப்ளூரேனை நிறுத்திய பிறகும் குளிர்ந்த உடம்பு, குறைந்த அழுத்தம், வயிற்றுக்குள் மெதுவான கசிவு எதுவும் நின்றுவிடுவதில்லை. அதனால் நான் ஒயர்களை ஒரு வரிசையில்தான் எடுக்கிறேன். முதலில் ஈசிஜி கிளிப், அப்புறம் குழாயோடு கேப்னோகிராஃப். டாப்ளரும் கஃப்பும் விலங்கோடு கூண்டுக்கே போகும். ஆக்ஸிமீட்டர் நாக்கை விலங்கே உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை இருக்கும். உடம்புச் சூடு 37ஐத் தாண்டி, தானே நெஞ்சு ஊன்றிப் படுக்கும்வரை கால் மணிக்கு ஒரு முறை பிரஷர், துடிப்பு, ஈறு, மூச்சு. மயக்கத் தாளிலேயே அதற்கும் கட்டங்கள் போட்டு வைத்திருக்கிறோம், கட்டம் காலியாக இருந்தால் அடுத்த ஷிஃப்டில் வருபவர் கேட்பார்.